கழிவுக் கொழுப்பிலிருந்து எரிவாயு



பொரித்து மீந்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், அந்த எண்ணெய் குழாய்களில் படிந்து, நாளடைவில் கெட்டியாகிச் சாக்கடையையே அடைத்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதியில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புக் கட்டி ஒன்று சாக்கடைக்குள் காணப்பட்டது. அதை உடைத்து அகற்றப் பல வாரங்கள் பிடித்தன.

இவ்வளவு தொல்லை தரும் கொழுப்பு, சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தால் எரிபொருளாகிறது. அது எப்படி?

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசட்டை, காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் அடைத்து, ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறார்கள். அங்கே நுண்ணுயிர்கள் அதைச் செரித்து வாயுவை வெளிவிடுகின்றன. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு மீத்தேன், இதுவே எரியக்கூடியது. நம் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் குமிழிகளாக எழுவதிலும் இந்த மீத்தேன் உண்டு.

கசட்டோடு கொழுப்பையும் சேர்த்தால் வாயு பெருகும். கணக்குப்படி, ஒரு கிலோ மாவுச்சத்து முழுவதும் செரித்தால் ஏறத்தாழ 400 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். ஒரு கிலோ கொழுப்போ ஏறத்தாழ 1,000 லிட்டர் தரும்.

அமெரிக்காவின் ஓக்லண்டு நகரச் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கிருந்த உணவு டின் தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் நிலையத்தின் செரிமானத் தொட்டிகளில் இடம் மிஞ்சியது. உணவகக் கொழுப்பையும் பிற உணவுக் கழிவுகளையும் லாரிகளில் வரவழைத்து அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். 2012ஆம் ஆண்டில், தனக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரத்தை உற்பத்தி செய்த வட அமெரிக்காவின் முதல் கழிவுநீர் நிலையமாக அது விளங்கியது.

அப்படியானால் கொழுப்பை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. விருந்தில் நெய்ப் பண்டங்களை அளவின்றி உண்டவரின் வயிறு என்ன பாடுபடும்! தொட்டியின் நிலையும் அதுவே. கொழுப்பு சிதையும்போது உண்டாகும் கொழுப்பமிலங்கள் நுண்ணுயிர்களின் மேல் படிந்து அவற்றின் வேலையைத் தடுக்கின்றன. தொட்டியில் புளிப்பு ஏறுகிறது, நுரை பொங்குகிறது, வாயு குறைகிறது. எல்லை மீறினால் தொட்டியே செயலிழந்துவிடும். ஆகவே, கொழுப்பைச் சூடாக்கி இளக்கி, சிறிது சிறிதாகச் செலுத்தி, நன்கு கலக்கி, அமில அளவை அடிக்கடி சோதிக்கிறார்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது. வாணலியைக் கழுவுமுன் பழைய தாளால் துடையுங்கள். மீந்த எண்ணெயை ஆறவைத்து, டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். சாக்கடைக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை மீட்பது கடினம். டின்னில் சேர்த்த எண்ணெய்க்கோ பயனும் உண்டு, விலையும் உண்டு.