ஒரே ஆள், பல தொகுதி: தளபதி பூலான்ஜேயின் கதை

துப்பாக்கி தூக்காமல், வாக்குச்சீட்டை வைத்தே பிரெஞ்சுக் குடியரசைக் கலங்கடித்த ராணுவத் தளபதி ஜார்ஜ் பூலான்ஜே. 1837இல் ரென் நகரில் பிறந்தவர். சான்-சீர் ராணுவப் பள்ளியில் பயின்று, அல்ஜீரியா, இத்தாலி, கொச்சின்-சீனா என்று பல முனைகளில் போரிட்டவர்.

1886 ஜனவரியில் போர் அமைச்சரானார். சிப்பாய்கள் தாடி வைக்க அனுமதித்தார். லெபெல் துப்பாக்கியைப் படைக்குக் கொண்டுவந்தார். ஜூலை 14 அணிவகுப்பில் கறுப்புக் குதிரையில் வந்த அவரைப் பாரிஸ் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 1871இல் ஜெர்மனியிடம் அல்சாஸ்-லொரேனைப் பறிகொடுத்த ஆத்திரம் ஆறாத மக்கள், அவரைப் 'பழிதீர்க்கும் தளபதி' என்றே அழைத்தார்கள்.

ஆட்சியாளர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1887 மே மாதம் அமைச்சர் பதவி போயிற்று; ஜூலையில் கிளெர்மோன்-ஃபெரானுக்கு மாற்றினார்கள். அவரைப் போகவிடாமல் கார் து லியோன் ரயில் நிலையத்தில் கூட்டம் தண்டவாளத்தை மறித்தது. தனி எஞ்சினில் ஏறித்தான் கிளம்ப முடிந்தது.

1888 மார்ச்சில் படையிலிருந்தே ஓய்வு கொடுத்தார்கள். அங்கேதான் கணக்கு தப்பியது. பணியில் உள்ள ராணுவத்தினர் தேர்தலில் நிற்க முடியாத காலம் அது. இப்போது அந்தத் தடை அவருக்கு இல்லை. அன்றைய விதிப்படி ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. ஒருவர் எத்தனை இடத்திலும் நிற்கலாம். எங்கே இடைத்தேர்தல் வந்தாலும் பூலான்ஜே நின்றார். ஆகஸ்ட் 19 அன்று ஒரே நாளில் மூன்று மாவட்டங்களில் வென்றார். இடைத்தேர்தல்கள் அவர்மீதான நாடு தழுவிய வாக்கெடுப்பாகவே மாறின. செலவுக்கு முடியாட்சி ஆதரவாளரான யூஸெஸ் கோமகள் 30 லட்சம் ஃபிராங்க் கொடுத்தார்.

1889 ஜனவரி 27 அன்று பாரிஸிலேயே சுமார் 2,45,000 வாக்குகள் பெற்றார். எதிராளிக்கு ஏறத்தாழ 1,62,000. ஆட்சியைக் கைப்பற்றச் சொல்லி ஆதரவாளர்கள் வற்புறுத்தியும் அவர் அசையவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. பிப்ரவரியில் மாவட்டத் தொகுதிகளை உடைத்து, தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று சட்டம் போட்டது. கைதுக்கு அஞ்சி ஏப்ரல் 1 அன்று பூலான்ஜே பிரஸ்ஸல்ஸுக்கு ஓடினார். ஜூலையில் வந்த இன்னொரு சட்டம், ஒருவர் பல தொகுதிகளில் நிற்பதற்கே தடை போட்டது. இலையுதிர் காலப் பொதுத்தேர்தலில் அவர் அணி படுதோல்வி கண்டது. 1891 செப்டம்பரில், காசநோயில் இறந்த காதலி மார்கரித் தெ பொன்மேனின் கல்லறையில் அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

ஆனால் அவருடைய அரசியல் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. தேர்தல் விதியில் இருந்த ஓட்டை வழியாக வளர்ந்தவரை, அந்த ஓட்டையை அடைத்தே குடியரசு வீழ்த்தியது.