தகடு சொல்லும் வரலாறு

பன்னிரண்டு வயதானதும் நமக்கு மைகாட் அடையாள அட்டை கிடைக்கிறது. அதிலுள்ள 12 இலக்க எண் வேறு எவருக்கும் இருப்பதில்லை. மனிதருக்கு இருப்பதுபோல வாகனத்திற்கும் ஓர் அடையாளம் உண்டு. தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் சிறிய உலோகத் தகடுதான் அது. தயாரித்த நிறுவனத்தின் பெயர், வாகனத்தின் வகை, வரிசை எண் முதலியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வாகனத்தின் முன்னும் பின்னும் நாம் காணும் பதிவு எண் பலகை வேறு, இந்த அடையாளத் தகடு வேறு. பதிவு எண்ணைச் சாலைப் போக்குவரத்துத் துறை வழங்குகிறது. அடையாளத் தகடோ வாகனம் பிறந்த இடத்திலேயே அதனுடன் சேர்ந்துவிடுகிறது.

சுங்கை பஞ்சாங் முதல் கோல சிலாங்கூர் வரையிலான வட்டாரம் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதன் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. முற்காலத்தில் மாட்டு வண்டிகள் செய்த வேலையைப் பின்னர் டிராக்டர்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றுள் உலகெங்கும் புகழ்பெற்ற ஒன்று மாஸி பெர்குசன் 135. சிவப்பு நிறம் கொண்ட இந்த டிராக்டர் 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்டது.

அத்தகைய பழைய டிராக்டர் ஒன்று இன்று ஒரு கொட்டகையில் கிடப்பதாகக் கொள்வோம். அதை ஓட்டியவர் ஊர் மாறிப் போயிருக்கலாம். தோட்டத்தின் கணக்கேடு தொலைந்திருக்கலாம். அப்போது அது எந்த ஆண்டில் பிறந்தது என்பதைச் சொல்ல அதன் தகடு மட்டுமே மிஞ்சியிருக்கும். தகட்டிலுள்ள வரிசை எண்ணை நிறுவனத்தின் உற்பத்திப் பட்டியலோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டு தெரிந்துவிடும்.

ஆனால், தகடு பெரும்பாலும் படிக்க இயலாத நிலையில்தான் இருக்கும். கடற்கரையை ஒட்டிய இவ்வட்டாரத்தின் ஈரக்காற்று உலோகத்தை அரிக்கும். தோட்டத்தில் பயன்படும் உரங்களில் உள்ள உப்புகளும் அந்த அரிப்பை விரைவுபடுத்தும். இவற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் படியும். வண்டிக்கு மறுவண்ணம் பூசியவர்கள் தகட்டின் மேலேயே பூசியிருப்பதும் உண்டு.

தகட்டைத் தூய்மை செய்ய நினைப்பவர் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறையைக் கரைப்பதால் விளக்கு பளபளக்கிறது. விளக்குக்குப் பளபளப்பு அழகு. தகட்டுக்கோ எழுத்துதான் உயிர். ஒவ்வொரு முறை அழுத்தித் தேய்க்கும்போதும் மிக மெல்லிய அளவில் உலோகமும் தேய்கிறது. அமிலம் கறையோடு எழுத்துகளைச் சூழ்ந்துள்ள வண்ணத்தையும் பெயர்த்துவிடலாம். பளபளக்கும் தகட்டில் எண் இல்லையென்றால் பயன் என்ன?

ஆகவே, தகட்டைத் தொடும் முன்பே பதிவு செய்ய வேண்டும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால், மங்கிய எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வடிவம் தெளிவாகும். பிறகு மெல்லிய தாளைத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலால் இலேசாக உரசலாம். நாணயத்தின் படத்தைத் தாளில் எடுக்கும் அதே முறைதான் இது.

அடுத்து, உலோகத்தை அறிய வேண்டும். காந்தம் ஒட்டினால் அது எஃகுத் தகடு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெண்மையாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். எஃகை ஈரத்தில் விடக்கூடாது. அலுமினியத்தின் மேற்பரப்பைக் காரச் சோப்புகள் கெடுக்கும். இரும்புக் கம்பி நாரோ எல்லாத் தகடுகளையும் கீறிவிடும்.

தகட்டை வாகனத்திலிருந்து கழற்றாமல் தூய்மை செய்வதே நல்லது. பழைய ஆணிகளை உடைத்தால் தகடு வளையலாம். தகடு அந்த வாகனத்திற்குரியதுதானா என்ற ஐயமும் எழலாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, சில துளி பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஓர் ஓரத்தில் மட்டும் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம். வண்ணம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். எழுத்துகளின் இடுக்கில் உள்ள மண்ணை மரப் பல்குச்சியால் எடுக்கலாம். மேலே பூசிய வண்ணத்தைச் சுரண்டும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிட வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அதன் தூசியைச் சுவாசிப்பது தீங்காகும். இறுதியில் தகட்டை நன்கு துடைத்து உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு இட்டால் ஈரம் எளிதில் அணுகாது.

இவ்வளவு செய்தும் ஓர் இலக்கம் தெரியாமல் போகலாம். அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். இத்தகைய குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகவே, இக்காலக் கார்களின் 17 குறியீடுகள் கொண்ட அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. அவை 1, 0 ஆகிய எண்களோடு குழம்பிவிடும். தெரியாத இலக்கத்தை ஊகித்து மீண்டும் பொறிப்பது பெரும் பிழை. மேலும், வாகனத்தின் அடையாள எண்ணைத் திருத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றமாகும். திருட்டு வாகனங்களைக் கண்டுபிடிக்க உதவுவதும் இந்த எண்ணே.

எண் அடிக்கப்படும்போது அந்த அழுத்தம் மேற்பரப்போடு நிற்பதில்லை. அடியிலுள்ள உலோகத்தின் அமைப்பையும் மாற்றுகிறது. அதனால்தான், அராவி அழிக்கப்பட்ட எண்களைக்கூடத் தடயவியல் நிபுணர்கள் இரசாயனக் கரைசலைக் கொண்டு பலவேளைகளில் மீட்டெடுக்கிறார்கள். நம் கையில் அத்தகைய கருவி இல்லை. நம்மிடம் இருப்பது பொறுமை. தெரிந்த இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைப்பதும் நேர்மையான பாதுகாப்புதான். நாளை வேறொருவர் வேறொரு சான்றோடு வந்து அந்த இடத்தை நிரப்பக்கூடும். அதுவரை, இருப்பதை அழிக்காமல் காப்பது நம் கடமை.