இழந்த கால்களும் திருந்திய விதியும்

சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே தெரிய, ஒருவர் மட்டுமே அமர்ந்து செலுத்தும் கார்களின் பந்தயம் மேலைநாடுகளில் பெரிதும் போற்றப்படுவது. அத்துறையில் வளர்ந்து வந்த ஆங்கிலேய இளைஞர் பில்லி மாங்கர். 1999ஆம் ஆண்டு பிறந்தவர். 2017 ஏப்ரலில் டானிங்டன் பார்க் களத்தில் நடந்த பார்முலா 4 பந்தயத்தில், முன்னே வேகம் இழந்திருந்த ஒரு காரின்மீது அவரது கார் மோதியது. உயிர் தப்பியது, இரு கால்களும் போயின. அப்போது அவருக்கு வயது 17.

உடற்குறை ஒருபுறம் இருக்க, விதியும் குறுக்கே நின்றது. ஊனமுற்றோர் இத்தகைய கார்களைப் பன்னாட்டுப் பந்தயங்களில் ஓட்டலாகாது என்பது அன்றைய விதி. முறையீடு எழுந்தது, அவ்வாண்டின் இறுதியிலேயே தடை நீங்கியது. வேகமூட்டியைக் கையால் இயக்குமாறு கார் மாற்றியமைக்கப்பட்டது. விபத்து நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்குள், 2018இல் ஓல்டன் பார்க் களத்தில் பார்முலா 3 பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்றார்.

2019இல் பிரான்சு நாட்டின் போ நகரப் பந்தயத்தைப் பதினோராம் இடத்திலிருந்து தொடங்கினார். மழை வருவதை உணர்ந்து, ஈரப் பாதைக்குரிய டயர்களை முன்கூட்டியே மாற்றினார். முன்னணியில் சென்ற இருவர் தம்முள் மோதிக்கொள்ள, வெற்றி அவரைச் சேர்ந்தது. அவர்கள் மோதியது நற்பேறு எனலாம்; அவ்வேளையில் அவர்களுக்கு அடுத்து நின்றது அவரது மதிநுட்பமன்றோ?

பரிவு அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் வேண்டியதோ வாய்ப்பு. ஊனமுற்றோர்க்கு நாம் முதற்கண் திறக்க வேண்டிய கதவும் அதுவே.