பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் பழைய ஃபிலிம் சுருள்கள்: காயலான் கடைக்கா, காப்பகத்துக்கா?

புதுச்சேரியில் ஒரு பழைய பள்ளிக்கூடமோ அரசு அலுவலகமோ இடம் மாறும்போது ஸ்டோர் ரூமிலிருந்து என்னென்னவோ வெளியே வரும். உடைந்த உலக உருண்டை, கரையான் அரித்த வருகைப் பதிவேடு, சில சமயம் அதற்கும் அடியில் அடுக்கடுக்காக வட்டத் தகர டப்பாக்கள். திறந்தால் புளிச்ச வாடை. உள்ளே 16 எம்.எம். ஃபிலிம் சுருள். மலேரியா தடுப்பு, நெல் நடவு, சூரியக் குடும்பம், குடும்பக் கட்டுப்பாடு என்று ஒரு காலத்தில் வெள்ளைத் திரை கட்டி மாணவர்களுக்கும் ஊர்மக்களுக்கும் போட்டுக் காட்டிய படங்கள்.

இன்று ஓட்டிப் பார்க்க புரொஜெக்டர் இல்லை. இருந்தாலும் அதற்கு பல்பு கிடைப்பது கஷ்டம். இடம் வேறு அடைக்கிறது. “எடைக்குப் போட்டுடலாமா, இல்ல யூடியூப்ல ஏத்திடலாமா?” என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் போய் நிற்கும்.

இரண்டுக்குமே அவசரப்பட்டு தலையாட்ட வேண்டாம். முதலில் தேவை ஒரு பட்டியல். எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவில் முக்கால்வாசி அந்தப் பட்டியல் போடும்போதே தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தன இந்தப் படங்கள்?

பெரும்பாலானவற்றின் ஊற்று ஃபிலிம்ஸ் டிவிஷன். 1948-ல் மத்திய அரசு தொடங்கிய இந்த அமைப்பின் செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் தியேட்டர்கள் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் போட வேண்டும் என்று விதி இருந்தது. அப்பா, தாத்தா தலைமுறையைக் கேட்டால், ‘நியூஸ் ரீல்’ ஓடும்போது முறுக்கு வாங்கப் போன கதையைச் சொல்வார்கள். அதே படங்கள் 16 எம்.எம். பிரதிகளாக வேன்களில் கிராமங்களுக்கும் போயின. பள்ளிகளுக்குப் படங்களை இரவல் கொடுக்க டெல்லியில் மத்திய ஃபிலிம் நூலகம் இருந்தது. அமெரிக்கத் தகவல் மையம், பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி வெளிநாட்டு அமைப்புகளும் படங்களைக் கொடுத்தன.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிக்கதை. 1954 நவம்பர் 1 அன்றுதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அதனால் இந்த ஊர்க் குவியல் ஒன்றில் பிரெஞ்சுப் பேச்சு உள்ள சுருள் கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எடைக்குப் போட்டால் காசு வருமா?

கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படத்தை உருவாக்குவதே வெள்ளித் துகள்தான். அதைப் பிரித்தெடுத்து விற்பது இந்திய சினிமாவில் ஒரு தொழிலாகவே நடந்தது. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ (1931) இன்று ஒரு அடிகூட இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே.நாயர் அதைத் தேடித் தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானியின் வீட்டுக்கே போனார். வெள்ளிக்காகச் சுருள்கள் விற்கப்பட்டுவிட்டன என்ற தகவல்தான் அவருக்குக் கிடைத்தது.

கலர் ஃபிலிமில் அந்த வெள்ளியும் கிடையாது. கழுவும்போதே அது வெளியேறிவிடும், மிஞ்சுவது சாயம் மட்டும். ஆக, ஸ்டோர் ரூம் குவியலை எடைக்குப் போட்டால் கையில் வருவது டீச்செலவுக்குத் தேறினாலே பெரிது.

பாடப் படத்துக்கு என்ன அப்படி மதிப்பு?

அமெரிக்காவிலும் இதே கேள்வி வந்தது. வீடியோ கேசட் வந்ததும் பள்ளிகள் 16 எம்.எம். படங்களை லாரி லாரியாக வெளியே தள்ளின. ஸ்கிப் எல்ஷைமர் என்பவர் அரசு ஏலம் ஒன்றில் 50 டாலருக்கு 500 படங்களை வாங்கினார். ‘ஏ.வி. கீக்ஸ்’ என்ற பெரிய சேகரிப்பு தொடங்கியது அப்படித்தான். ரிக் பிரெலிங்கர் சேர்த்த கல்வி, விளம்பரப் படங்களின் பெருந்தொகுப்பை 2002-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே எடுத்துக்கொண்டது. அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் பதுங்கச் சொல்லிக் குழந்தைகளுக்கு எடுத்த ‘டக் அண்ட் கவர்’ என்ற 1951-ம் ஆண்டுப் பாடப் படம், 2004-ல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது. அந்தக் காலத்தின் பயம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எது?

இங்கேயும் 1947 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த இளைஞர்களிடம் பேட்டி கண்டு எஸ்.என்.எஸ்.சாஸ்திரி எடுத்த ‘ஐ ஆம் 20’ (1967) ஒரு ஃபிலிம்ஸ் டிவிஷன் படம்தான். இன்று அது இணையத்தில் சுற்றுகிறது, கல்லூரிகளில் பாடமாகிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்படிப் பிழைப்பது பெரும்பாலும் இந்தி அல்லது ஆங்கில வடிவம். ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரே படத்தைப் பல மொழிகளில் வெளியிட்டது. ஊர்மக்கள் கேட்டது தமிழ்க் குரலை. அந்தத் தமிழ்ப் பிரதி எந்த ஸ்டோர் ரூமில் கிடக்கிறது?

இதன் விலை என்னவென்று ஏ.கே.செட்டியார் கதை சொல்லும். உலகம் சுற்றி, காந்தி இடம்பெற்ற சுமார் 50,000 அடி ஃபிலிமைத் திரட்டி, 1940-ல் தமிழ் விளக்கவுரையோடு காந்தி ஆவணப்படத்தை வெளியிட்டவர் அவர். பின்னர் 1953-ல் ஆங்கில வடிவம் ஒன்றும் வந்தது. படம் காணாமல் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து, வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் தேடலில் பிரதி கிடைத்த இடம் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம். கிடைத்ததும் ஆங்கில வடிவம்தான், 1940-ல் தமிழகத்தில் ஓடிய தமிழ் வடிவம் அல்ல.

அதனால் பட்டியலில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே மொழியையும் எழுத வேண்டும். அதோடு, யாரோ உள்ளூரில் கேமரா பிடித்து எடுத்த பள்ளி ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, கடற்கரை அணிவகுப்பு மாதிரி ஒரு சுருள் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வேறெங்கும் இன்னொரு பிரதி இருக்க வாய்ப்பே குறைவு. அச்சிட்ட லேபிள் ஒட்டிய படம் பத்தைவிட, பேனாவால் தேதி மட்டும் கிறுக்கிய ஒரு டப்பா முக்கியமாக இருக்கலாம்.

எப்படிப் பரிசோதிப்பது?

புரொஜெக்டரில் மட்டும் ஓட்டாதீர்கள். எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை அதுதான். பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கும். நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே பல்சக்கரத்தில் ஓட்டை சரியாக உட்காராது, வரிசையாகக் கிழித்துக்கொண்டே போகும். சுவரில் படம் ஓட்டி செல்போனில் பிடிப்பதற்கும் இதே ஆபத்து உண்டு. படமும் மினுக்கிக்கொண்டுதான் வரும்.

மூக்கை நம்பலாம். 16 எம்.எம். ஃபிலிம் 1923-ல் கோடாக் அறிமுகம் செய்த காலத்திலிருந்தே அசிடேட் என்ற ‘சேஃப்டி’ வகை. திடீரெனப் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் வகை பழைய 35 எம்.எம். படங்களில்தான் இருந்தது. புனே காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு 2003 ஜனவரியில் எரிந்தது இதனால்தான். குவியலில் மிகப் பழைய 35 எம்.எம். சுருள் ஏதாவது இருந்தால் கை வைக்காமல் நிபுணரைக் கூப்பிட வேண்டும்.

அசிடேட் தீப்பிடிக்காவிட்டாலும் மெல்ல அழுகும். அப்போது அசிடிக் அமிலம் வெளியாகும், அதாவது வினிகர் வாடை. ‘வினிகர் சிண்ட்ரோம்’ என்று இதற்குப் பெயரே உண்டு. வெளியான அமிலமே அழுகலை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். எனவே வாடை அடிக்கும் சுருள்களை வேறு அறைக்கு மாற்றுவதை அன்றைக்கே செய்ய வேண்டும். ஒரு சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து ஒளி ஊடுருவினால் அது பாலியெஸ்டர், இந்த நோய் வராது. கலர் படம் முழுக்க ரோஸ் நிறமாகத் தெரிந்தால் மற்ற சாயங்கள் வெளுத்துவிட்டன என்று அர்த்தம். கறுப்பு-வெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

நீளத்தையும் குறித்துக்கொள்ளலாம். 400 அடிச் சுருள் என்றால் சுமார் 11 நிமிடப் படம்.

புதுச்சேரிக் காற்று சும்மா விடுமா?

அமெரிக்காவின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் கணக்குப்படி, 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிடேட் ஃபிலிமே சுமார் 40 ஆண்டுகளில் வினிகர் வாடையைத் தொடங்கிவிடும். கடலோர ஊரில், ஏ.சி. இல்லாத அறையில் எவ்வளவு சீக்கிரம் என்று சொல்லவே வேண்டாம். பகலில் ஏ.சி. போட்டு இரவில் நிறுத்துவதும் நல்லதல்ல, ஈரம் வியர்த்து இறங்கும்.

மழை இன்னொரு எதிரி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தரைத்தள ஸ்டோர் ரூம்களில் தண்ணீர் புகுந்தால் டப்பாக்கள்தான் முதலில் மூழ்கும். நனைந்த ஃபிலிமை வெயிலில் காயப் போடக் கூடாது, அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த நீரிலேயே மூழ்க வைத்து ஓரிரு நாளுக்குள் லேபுக்குக் கொண்டு போக வேண்டும்.

முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

தனியார் பள்ளி என்றால் நிர்வாகத்துக்கு. அரசுத் துறை என்றால் விஷயம் வேறு. 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசோடு யூனியன் பிரதேச நிர்வாகங்களுக்கும் பொருந்தும். விதிப்படி அல்லாமல் பொது ஆவணத்தை அழித்தால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு. துறையே எடுத்த படம் இந்த வரையறைக்குள் வரக்கூடும். அதனால் அலுவலகக் குவியலை ஏலத்தில் விடும் முன், தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி ஆவண மையத்தைக் கேட்டுவிடுவதே பத்திரம்.

சுருள் கையில் இருப்பதால் பதிப்புரிமையும் வந்துவிடாது. இந்தியச் சட்டப்படி படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. 1962-ல் வந்த படத்துக்கு 2022 டிசம்பரோடு முடிந்தது, 1975-ல் வந்ததற்கு இன்னும் இருக்கிறது. யூடியூபில் ஏற்றும் ஆசை உள்ளவர்கள் பட்டியலில் ஆண்டையும் எழுதிக்கொள்ள இது இன்னொரு காரணம்.

எங்கே கொடுப்பது?

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் (1964-ல் தொடங்கியது) முதல் வாசல். ஃபிலிம்ஸ் டிவிஷன், இந்தக் காப்பகம் இரண்டுமே 2022-ல் என்.எஃப்.டி.சி.யோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ‘இந்தப் படத்தின் தமிழ் வடிவம் உங்களிடம் இருக்கிறதா?’ என்று ஒரே இடத்தில் கேட்கலாம். மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இன்னொரு வழி. ஸ்கேன் செய்ய சென்னைக்குப் போனால் போதும், பிரசாத் நிறுவனம் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறது.

பட்டியலில் உள்ள அத்தனையையும் ஸ்கேன் செய்ய நினைப்பது வீண் செலவு. காப்பகத்தில் நல்ல பிரதி இருப்பது உறுதியான, ரோஸாக வெளுத்து வினிகர் நாறும் ஆங்கிலப் படத்தை விட்டுவிடலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்தப் பணத்தை உள்ளூர்ச் சுருளுக்கும் தமிழ்ப் பிரதிக்கும் ஒதுக்கலாம். ஸ்கேன் முடிந்த பிறகும் அவற்றின் மூலச் சுருளைத் தூக்கிப் போடக் கூடாது. ஹார்டு டிஸ்க் எப்போது மண்டையைப் போடும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஊருக்கு இந்த வேலை புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் இங்கே சேர்த்து வைத்த சுமார் 11,000 சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அவையும் யார் யார் வீட்டுப் பரணிலோ கோயில் மூலையிலோ கிடந்தவைதான்.

கடைசியாக ஒன்று. டப்பாவுக்குள் சில சமயம் மடித்த துண்டுச் சீட்டு இருக்கும், எந்தத் தேதியில் எந்த ஊரில் போட்டுக் காட்டினார்கள் என்ற குறிப்போடு. சுத்தம் செய்பவர்கள் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான். அதையும் போட்டோ எடுத்து, எந்த டப்பாவில் இருந்தது என்று பட்டியலில் எழுதிவிட வேண்டும்.