விஸ்டா நெசமாவே அம்புட்டு மோசமா?

மக்களே, மைக்ரோசாஃப்ட்காரன் புதுசா எதையாவது இறக்கி அது நமக்குப் பிடிக்காமப் போச்சுன்னா, உடனே வாயில வர்ற வசவு "இது இன்னொரு விஸ்டா"ங்கறதுதான். விண்டோஸ் 8 வந்தப்பவும் இதே பாட்டு, 2021-ல விண்டோஸ் 11 வந்தப்பவும் இதே பாட்டு. விஸ்டாவைத் தொட்டுக்கூடப் பாக்காத பசங்களும் சேர்ந்து பாடுறாங்க. (விண்டோஸ் எம்இ-ன்னு ஒண்ணு இருந்துச்சேன்னு கேக்குறீங்களா? அதைத் திட்டுறதுக்குக்கூட இப்ப ஆள் இல்லை :-))

பொட்டி தட்டிப் பொழைக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன்ங்கறதால, இந்தப் பழி நியாயமானதுதானான்னு ஒருவாட்டி கிளறிப் பாக்கலாம்னு தோணுச்சு. குற்றச்சாட்டு மொத்தம் மூணு. ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் அனுமதி கேட்டு உயிரை வாங்கினது. ரெண்டு, பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டுன்னு வீட்டுல இருந்த சாமான் எதுவும் ஒழுங்கா ஓடாதது. மூணு, ஆமை வேகம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர்ல. அடுத்ததுக்கு லாங்ஹார்ன்னு செல்லப்பேர் வெச்சு வேலையை ஆரம்பிச்சாங்க. சேர்க்கச் சேர்க்கப் பண்டம் பெருத்துக்கிட்டே போய், 2004 ஆகஸ்ட்ல "இது தேறாது"ன்னு முடிவு கட்டி, விண்டோஸ் சர்வர் 2003 நிரலை அடித்தளமா வெச்சு மறுபடியும் பிள்ளையார் சுழி போட்டாங்க. ஊரெல்லாம் தண்டோரா போட்ட வின்எஃப்எஸ் சேமிப்பு முறையையும் அப்பவே கழட்டி விட்டாங்க. பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தது 2007 ஜனவரி 30. அஞ்சு வருஷத்துக்கு மேல காக்க வெச்சா, ஜனங்க பெருசா எதிர்பாக்கத்தானே செய்வாங்க?

இப்ப முதல் குற்றச்சாட்டு. யூஏசின்னு ஒரு சங்கதி. ஏதாவது மென்பொருள் நிறுவினாலோ, செட்டிங்கை மாத்தினாலோ திரை இருட்டாகி "தொடரலாமா?"ன்னு கேக்கும். ஆப்பிள்காரங்க இதை வெச்சே 2007-ல ஒரு விளம்பரம் எடுத்துக் கலாய்ச்சாங்க. ஆனா இது ஏன் வந்துச்சு? எக்ஸ்பியில வீட்டுப் பயனர்கள் பெரும்பாலும் அட்மின் கணக்குலயேதான் குடியிருந்தாங்க. வீட்டுக்குள்ள வர்றவன் எவனா இருந்தாலும் பீரோ சாவியையும் கையில குடுக்குற மாதிரி. 2003-ல பிளாஸ்டர், 2004-ல சாஸர்னு புழுக்கள் வரிசையா வந்து உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டினதை மறக்க முடியுமா?

அப்ப இருந்த மென்பொருள்கள்ல நிறைய, தேவையே இல்லாம அட்மின் உரிமையை எதிர்பாத்தே எழுதப்பட்டவை. அதை நிறுத்தணும்னா எழுதினவங்களுக்கு நெருக்கடி குடுக்கணும். 2008 ஏப்ரல்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நடந்த ஆர்எஸ்ஏ மாநாட்டுல, மைக்ரோசாஃப்ட்டோட டேவிட் க்ராஸ் இதை ஒளிவுமறைவில்லாமப் போட்டு உடைச்சார்: பயனரை எரிச்சல்படுத்துறதுதான் யூஏசியோட நோக்கமேன்னு. பயனர் கடுப்பானா மென்பொருள் எழுதினவன்கிட்ட போய்ச் சண்டை போடுவார், அவனும் திருந்துவான்னு கணக்கு. கணக்கு பலிச்சுது, நிறையப் பேர் திருந்தினாங்க. ஆனா திட்டு முழுக்க விஸ்டாவுக்கு.

பாதுகாப்புல பலன் இருந்துச்சான்னா, இருந்துச்சு. 2008 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் அவசரமா அடைச்ச ஒரு ஓட்டை வழியாத்தான் அடுத்த மாசம் கான்ஃபிக்கர் புழு கிளம்புச்சு. எக்ஸ்பிக்கு அந்த ஓட்டையை உச்சபட்ச ஆபத்துன்னு வகைப்படுத்தினாங்க. விஸ்டாவுக்கு ஒரு படி கம்மி. எக்ஸ்பியில யாருன்னே தெரியாதவன் வெளியில நின்னே உள்ள கை விடலாம், விஸ்டாவுல அப்படி முடியாது. ஸோ, முதல் குற்றச்சாட்டுல நோக்கம் சரி, கேட்ட விதம்தான் மொக்கை.

ரெண்டாவது, டிரைவர் பிரச்சினை. கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதுற முறையையே விஸ்டா மாத்திடுச்சு. 64 பிட் பதிப்புல கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவரை உள்ளயே விடாது. நீண்ட காலத்துக்கு நல்லதுதான். ஆனா தயாரிப்பாளர்கள் தயாராவே இல்லை. பின்னாடி நீதிமன்றம் மூலமா வெளிய வந்த மைக்ரோசாஃப்ட் உள் மின்னஞ்சல்கள்ல இதுக்கு ஒரு கணக்கே இருக்கு. 2007-ல பதிவான விஸ்டா முடக்கங்கள்ல 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள்தான் காரணம்னு போட்டிருக்காங்க. மைக்ரோசாஃப்ட்டோட சொந்தப் பங்கு 17.9 சதவீதம். ஏடிஐ 9.3, இன்டெல் 8.8. "இவங்க எங்க வெளியிடப் போறாங்க"ன்னு நினைச்சுக்கிட்டு 2006 கடைசி வரைக்கும் யாரும் வேலையே ஆரம்பிக்கலைன்னு ஸ்டீவன் சினோஃப்ஸ்கி அதுல எழுதியிருக்கார். அஞ்சு வருஷமா "புலி வருது, புலி வருது"ன்னு சொன்னா வேற எப்படி நினைப்பாங்க? இதுல பழியைப் பாதிப் பாதி பங்கு போடலாம்.

மூணாவது, வேகம். இதுல கொஞ்சம் நெசம் இருக்கு. கோப்பை நகல் எடுக்குற முறையை மாத்தப் போய், சில சமயம் எக்ஸ்பியை விட மெதுவா ஆகிடுச்சு. 2008 மார்ச்ல வந்த சர்வீஸ் பேக் 1-ல பழைய வழிக்கே பெருமளவு திரும்பிட்டாங்க. கொஞ்சம் புரளியும் இருக்கு. சும்மா கிடக்குற ரேம்ல, அடிக்கடி பயன்படுத்துற நிரல்களை சூப்பர்ஃபெட்ச் முன்கூட்டியே ஏத்தி வைக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தவங்க "ரேம் முழுக்க விஸ்டாவே தின்னுடுச்சு"ன்னு அலறினாங்க. கேட்டா உடனே விட்டுக் குடுக்கும்ங்கறது தெரியாம.

இதுவரைக்கும் பாத்தா விஸ்டா பாதி நிரபராதிதான். ஆனா நாலாவதா ஒரு விஷயம் இருக்கு. என்னைக் கேட்டா உண்மையான குற்றம் அதுதான், அது நிரல்ல இல்லை.

2006-ல, விஸ்டா வர்றதுக்கு முன்னாடியே, புது எக்ஸ்பி கணினிகள் மேல "விஸ்டா கேப்பபிள்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வித்தாங்க. அதுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 512 எம்பி ரேமும் இருந்தாப் போதும். விளம்பரத்துல காட்டின கண்ணாடி மாதிரியான ஏரோ தோற்றம் அதுல பலதுல ஓடவே ஓடாது. இன்டெல்லோட 915 சிப்செட் புது டிரைவர் முறைக்கு ஒத்துவராதுன்னு தெரிஞ்சும், அந்தச் சிப்செட் விலை போகணும்ங்கறதுக்காகத் தகுதியைத் தளர்த்தினதா அந்த உள் மின்னஞ்சல்கள்ல அவங்களே எழுதிக்கிட்டிருக்காங்க. மைக்ரோசாஃப்ட்டோட துணைத் தலைவர்கள்ல ஒருத்தரான மைக் நாஷ், அந்த ஸ்டிக்கரை நம்பி 2,100 டாலருக்கு வாங்கின மடிக்கணினி மின்னஞ்சல் பாக்கத்தான் லாயக்குன்னு நொந்துக்கிட்டார். துணைத் தலைவருக்கே அந்தக் கதின்னா, ஒரு வருஷம் சேத்து வெச்ச காசுல கணினி வாங்கினவன் கதி? 2007-ல வழக்குப் போட்டாங்க, 2008-ல கூட்டு வழக்கா ஏத்துக்கிட்டாங்க, 2009 பிப்ரவரியில அந்தக் கூட்டு அந்தஸ்தை நீதிபதி நீக்கிட்டார். அவனவன் தனியா வழக்காடிக்க வேண்டியதுதான்.

2008-ல மைக்ரோசாஃப்ட் மொஹாவின்னு ஒரு கூத்து நடத்துச்சு. விஸ்டாவை வெறுக்குறவங்களைக் கூப்பிட்டு, புதுப் பேர்ல விஸ்டாவையே காட்டினாங்க. பலரும் ஆஹா ஓஹோன்னாங்க. "பாத்தீங்களா, எல்லாம் உங்க மனப்பிரமை"ன்னு விளம்பரம் பண்ணிக்கிட்டாங்க. ஆனா நல்லா ஓடுற கணினியில, கூட ஆள் நின்னு காட்டினா எதுதான் நல்லா இருக்காது? ஜனங்க வீட்டுல இருந்தது அந்த ஸ்டிக்கர் ஒட்டின கணினி.

2009 அக்டோபர்ல விண்டோஸ் 7 வந்துச்சு. உலகமே கொண்டாடுச்சு. உள்ள பாத்தா விஸ்டாவோட பதிப்பு எண் 6.0, விண்டோஸ் 7-ஓடது 6.1. அதே டிரைவர் அடித்தளம், அதே யூஏசி, தொந்தரவு மட்டும் குறைச்சல். நடுவுல ரெண்டரை வருஷத்துல ரேம் விலை இறங்குச்சு, டிரைவர்கள் திருந்துச்சு. மாமியார் திட்டு வாங்கினது மூத்த மருமக, பேர் வாங்கினது இளைய மருமக.

தமிழ்ல எழுதுற நமக்கு இன்னொரு நன்றிக்கடனும் இருக்கு. எக்ஸ்பியில யூனிகோட் தமிழை முழுசா இயக்க, ரீஜனல் செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பொட்டியில டிக் அடிச்சு, சிடியையும் தேடிப் போடணும். இல்லேன்னா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிக்கும். விஸ்டாவுல அந்த வசதி பொறந்தப்பவே இருந்துச்சு. யாரும் இதுக்காக அதைப் பாராட்டினதா ஞாபகம் இல்லை.

ஆக என் தீர்ப்பு: நிரல் எழுதினவங்களுக்கு இவ்வளவு கெட்ட பேர் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டினவங்களுக்கு இது பத்தாது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சு போச்சு. டிபிஎம் 2.0 இல்லைன்னு நல்லா ஓடுற கணினியைக்கூட விண்டோஸ் 11 வாசல்லயே நிறுத்திடுது. கடுப்பா இருந்தாலும், "ஓடும்"னு பொய் சொல்லி விக்கிறதுக்கு "ஓடாது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது எவ்வளவோ தேவலாம். புதுசா வாங்குறவங்க குறைந்தபட்சத் தகுதியைப் பாத்து வாங்காதீங்க. அது விக்கிறவன் வசதிக்குப் போட்ட கணக்கு.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டுப் பாசம் பொங்கி யாரும் விஸ்டாவை நிறுவிடாதீங்க சாமி. 2017 ஏப்ரல் 11-ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சாச்சு :-)