மலை கடந்து பேச: ஒரு ஹாம் வானொலியை ஆயத்தப்படுத்தல்

அனுமதிப்பத்திரம் பெற்ற தனிநபர்கள், இலாப நோக்கமின்றித் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் பேசுவதை அமெச்சூர் வானொலி என்கிறோம். ‘ஹாம் வானொலி’ என்பது அதன் செல்லப் பெயர். நமது நாட்டில் இதற்கான அனுமதியை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகிறது. அனுமதி பெற்றவருக்கு உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இலங்கையரின் குறிகள் பெரும்பாலும் ‘4எஸ்7’ என்று தொடங்குகின்றன.

கையில் தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று தோழியர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஹம்பாந்தோட்டையின் தொலைபேசிகளை ஊமையாக்கியபோது, விக்டர் குணதிலக்க உள்ளிட்ட ஹாம் வானொலியாளர்கள்தாம் சிற்றலைக் கருவிகள் மூலம் அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது அந்த நிலையை நமது கண்டி மாவட்டமே அனுபவித்தது. மண்சரிவில் பாதைகள் மூடுண்டன, மின்சாரம் போனது, தொலைபேசிகள் அடங்கின. மாத்தளையில் இருக்கும் எங்கள் மாமி நலமாக இருக்கிறார் என்ற ஒரு சொல் அக்குறணையில் இருந்த எங்களுக்கு வந்து சேர நான்கு நாட்கள் பிடித்தன. அதன் பிறகுதான், பழைய அனுமதிப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்த என் சாச்சா, ‘ட்ரான்ஸீவர்’ எனப்படும் புதிய கருவியொன்றை வாங்கினார். அனுப்புவதும் பெறுவதும் ஒரே பெட்டியில் நடக்கும் கருவி அது. அதை ஆயத்தப்படுத்த நானும் உடனிருந்தேன். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு, பாடநூலின் பல பக்கங்கள் அன்று உயிர்பெற்றன.

முதலாவது மின்சாரம். இத்தகைய கருவிகள் பொதுவாக 13.8 வோல்ட் நேரோட்டத்தில் இயங்குகின்றன. 100 வாற்று வலுவில் அனுப்பும்போது 20 அம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவைப்படும். ஆகவே மெல்லிய வயர் உதவாது. கருவியோடு வரும் தடித்த வயரையும் அதிலுள்ள உருகிகளையும் அப்படியே பயன்படுத்த வேண்டும். வாகன பற்றரியிலும் இது இயங்கும் என்பதுதான் மின்சாரமில்லாத நாளில் இதன் பெரும் பலம்.

இரண்டாவது அன்டெனா. அன்டெனா இல்லாமல் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து கருவியையே பழுதாக்கிவிடலாம். அரை அலைநீள அன்டெனாவின் நீளத்தை மீற்றரில் அறிய, 143ஐ மெகாஹேர்ட்ஸிலுள்ள மீடிறனால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வரும். எங்கள் வீட்டுக் கூரை மூலையிலிருந்து பலா மரம் வரை அந்தக் கம்பி நீண்டது. பின்னர் ‘நிலையலை விகிதம்’ காட்டும் மானியைப் பார்க்க வேண்டும். 1.5 அல்லது அதற்குக் குறைவு நன்று. 2ஐத் தாண்டினால் கம்பியின் நீளத்தைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும்.

மூன்றாவது கடிகாரம். ஹாம் உலகம் சர்வதேச நியம நேரத்தையே பின்பற்றுகிறது. அது நமது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் வானொலிக் குறிப்பேட்டில் புதிய திகதி பிறக்கிறது.

நான்காவது எல்லைகள். உலகம் மூன்று வானொலி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இலங்கை மூன்றாவது வலயத்தில் இருக்கிறது. நமது வலயத்தில் 40 மீற்றர் அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹேர்ட்ஸ் வரைதான். அமெரிக்காவுக்கென விற்கப்படும் கருவியோ 7.300 வரை அனுப்பும். கருவியால் முடியும் என்பதற்காக நாம் அங்கே பேச முடியாது. அது ஒலிபரப்பு நிலையங்களுக்குரிய இடம். ஆகவே அமைப்புப் பட்டியலில் நமது எல்லையை முதலில் சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாவது குரலின் முறை. சிற்றலையில் குரல் ஒற்றைப் பக்கப்பட்டையில் செல்கிறது. 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப்பட்டை, மேலே மேற்பக்கப்பட்டை என்பது உலகெங்கும் நிலவும் வழக்கம். இதை மாற்றி வைத்தால் பேச்சு வாத்தின் கத்தலாகக் கேட்கும். ஒலிவாங்கியின் உணர்திறனையும் அளவோடு வைக்க வேண்டும். அதிகமாகக் கூட்டினால் குரல் சிதைந்து, பக்கத்து மீடிறனில் பேசுபவரையும் தொந்தரவு செய்யும். வலுவும் அப்படித்தான்: 10 வாற்றில் கேட்கும் ஒருவரிடம் 100 வாற்றில் பேசத் தேவையில்லை.

இனி நமது மலைகளுக்கு வருவோம். கையடக்க வானொலிகள் பயன்படுத்தும் 2 மீற்றர் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கண்டி நகரோ மலைகள் சூழ்ந்த கிண்ணம். ஹந்தானைக்கு இப்புறம் நிற்பவரின் குரல் அப்புறம் நிற்பவருக்கு எட்டாது. இதற்காக உயரமான இடங்களில் ‘ரிப்பீற்றர்’ வைப்பார்கள். அது ஒரு மீடிறனில் கேட்டதை அதே கணத்தில் இன்னொரு மீடிறனில் திருப்பிச் சொல்லும். இரண்டுக்கும் இடையே வழக்கமான வித்தியாசம் 600 கிலோஹேர்ட்ஸ். உதாரணமாக, 145.700இல் நாம் கேட்டால் 145.100இல் பேச வேண்டும். இந்த இடைவெளியையும், ரிப்பீற்றர் எதிர்பார்க்கும் மெல்லிய தொனி இருந்தால் அதையும் கருவியில் பதிந்துவிட்டால், பொத்தானை அழுத்தியதும் மாற்றம் தானாக நடக்கும்.

ஆனால் ரிப்பீற்றருக்கும் மின்சாரம் வேண்டுமே! அது நின்றுபோனால் 40 மீற்றர் அலைவரிசை கைகொடுக்கும். அன்டெனாவைத் தாழ்வாகக் கிடையாகக் கட்டினால் அலைகள் நேரே மேலெழுந்து, அயனமண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீற்றர் வட்டத்துக்கு மழைபோல் இறங்கும். மலை தடுப்பதில்லை. பகலில் அக்குறணையிலிருந்து மாத்தளைக்கும் கொழும்புக்கும் பேச இது உகந்தது. மஃரிபுக்குப் பிறகு அயனமண்டலத்தின் கீழ்ப்படை மறைய, தூர தேசத்துக் குரல்கள் வந்து நெரிசலை உண்டாக்கும். ஆகவே அவசரத் தொடர்புக்குப் பகல் நேரத்தைக் குறித்துவைத்தோம்.

இறுதியாக இரண்டு காரியங்கள். ஒன்று, நேர வரையறை: மூன்று நிமிடத்துக்கு மேல் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் கருவி தானாக அனுப்புவதை நிறுத்தும்படி வைத்தோம். ஒலிவாங்கி எங்காவது சிக்கிக்கொண்டால், அவசர வேளையில் முழு அலைவரிசையும் அடைபட்டுவிடும் அல்லவா? மற்றொன்று, தேவையான மீடிறன்கள் அனைத்தையும் நினைவகத்தில் பதிந்து, அவற்றைத் தாளிலும் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டினோம். விளக்கில்லாத இரவில் கைநூலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

இத்தனையும் முடிந்த பிறகு சாச்சா உடனே பேசவில்லை. ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டே இருந்தார். யார் எங்கே பேசுகிறார்கள், எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பதை அறியாமல் வாய் திறப்பது ஹாம் ஒழுக்கமல்ல. பின்னர் தமது அழைப்புக் குறியைச் சொன்னார். கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் பதில் தந்து, குரல் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்.

அனுமதிப்பத்திரம் இல்லாத நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை, கேட்பதோடு நின்றேன். ஆணைக்குழுவின் பரீட்சையில் வானொலிக் கோட்பாடும் சட்டதிட்டங்களும் வருகின்றன. ஓமின் விதியையும் அலைநீளத்தையும் படித்த நமக்கு அது எட்டாத உயரமல்ல. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நான் விண்ணப்பிக்க இருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம், கடுகண்ணாவையிலோ கம்பளையிலோ, நம் கல்லூரித் தோழி ஒருத்தியும் அவ்வாறே ஆயத்தமாக இருந்தால், அடுத்த பெருமழையில் இரண்டு ஊர்களுக்காவது செய்தி போய்ச் சேரும்.