பதவி போன கதை - 9: அதே பதினேழு புள்ளிகள்

2018 நவம்பர் 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியான ப்ளூஸ், லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸிடம் 0-2 என்று தோற்றது. சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால், ஒரு கோல்கூட இல்லை. அன்றிரவே தலைமைப் பயிற்சியாளர் மைக் யோவை நீக்கிவிட்டதாக அணி அறிவித்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெயித்துவிட்டுப் போன லாஸ் ஏஞ்சலிஸ் அணியும் இரண்டு வாரத்துக்கு முன்புதான் தன் பயிற்சியாளர் ஜான் ஸ்டீவன்ஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

கால்பந்துப் பயிற்சியாளர் ஹொசே மொரீனியோவை இரண்டு முறை அழைத்துவந்து இரண்டு முறையும் வெளியே அனுப்பிய செல்சி கிளப்பின் கதையைப் போன வாரம் பார்த்தோம். ஐரோப்பியக் கால்பந்துக்காரர்களுக்குத்தான் பொறுமை கிடையாது என்று நினைப்பவர்கள் வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீகை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

நமக்கு ஹாக்கி என்றால் தயான்சந்த், புல்தரை, இப்போது செயற்கைப் புல். இது வேறு ஆட்டம். பனித்தளத்தில் காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதிலாக பக் என்ற ரப்பர் வட்டை விரட்டுகிறார்கள். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். கோல்கீப்பரைத் தவிர யாரும் தளத்தில் ஒரேயடியாக நிற்பதில்லை. முக்கால் நிமிடம் போல உயிரைக் கொடுத்து ஆடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்புவார்கள், ஆட்டம் நிற்காமலே அடுத்த ஆள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார். யார், யாரோடு, எதிரணியின் எந்த வரிசைக்கு எதிராக இறங்க வேண்டும் என்று பெஞ்சுக்குப் பின்னால் கோட்டும் டையுமாக நின்று விநாடிக்கு விநாடி முடிவெடுப்பவர்தான் பயிற்சியாளர். அப்போது ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷாட்டிலோ தோற்றால் 1 புள்ளி, வழக்கமான நேரத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை.

யோ நீக்கப்பட்ட அன்று ப்ளூஸ் 19 ஆட்டங்களில் 17 புள்ளிகள் எடுத்திருந்தது. 7 வெற்றி, 9 தோல்வி, 3 கூடுதல் நேரத் தோல்வி. இந்தப் பதினேழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூஸ் 1967-ல் பிறந்த அணி. ஆறு அணிகளாக இருந்த லீக் அந்த ஆண்டு ஒரே மூச்சில் பன்னிரண்டாக விரிந்தபோது வந்த புது வரவுகளில் ஒன்று. முதல் மூன்று பருவங்களிலும் லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போனது, மூன்றிலும் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் 0-4 என்று தோற்றது. அதன்பிறகு ஐம்பது ஆண்டுகள் நெருங்கியும் இறுதிப் போட்டி வாசலையே மிதிக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில், 2017-18 பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் தோற்று, ஒரே ஒரு புள்ளியில் பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பைக் கோட்டைவிட்டிருந்தார் யோ. அந்தக் கோடையில் பொது மேலாளர் டக் ஆர்ம்ஸ்ட்ராங் தாராளமாகச் செலவழித்தார். பஃபலோ அணியிலிருந்து ரையன் ஓ'ரைலி வந்தார். டைலர் போசாக், டேவிட் பெரோன், பாட்ரிக் மரூன் வந்தார்கள். இவ்வளவு வாங்கிக் கொடுத்தும் 19 ஆட்டத்தில் 17 புள்ளிகள் என்றால் கேள்வி மேலாளரை நோக்கியும் திரும்பும். பயிற்சியாளரை நோக்கித் திருப்பிவிடுவது எளிது.

இதில் கணக்கும் இருக்கிறது. 2005 முதல் இந்த லீகில் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2018-19-ல் அது 7 கோடியே 95 லட்சம் டாலர். பட்டியலில் உள்ள 23 வீரர்களில் ஒருவரை மாற்ற வேண்டும் என்றால்கூட அவர் சம்பளத்தை ஏற்க இன்னொரு அணி முன்வர வேண்டும், வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும், சில வீரர்களின் ஒப்பந்தத்தில் அவர்கள் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற விதியே இருக்கும். பயிற்சியாளரின் சம்பளமோ அந்த வரம்புக்குள் வராது. நீக்கிய பிறகும் ஒப்பந்தம் முடியும்வரை அவருக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும், அது முதலாளியின் பாக்கெட் விவகாரம், அவ்வளவுதான். பருவத்தின் நடுவில் ஒரு மேலாளர் ஒரே ராத்திரியில் செய்து முடிக்கக்கூடிய பெரிய காரியம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இது புதிதும் அல்ல. 2010-ல் மேலாளரானவர், 2011 நவம்பரில் 13 ஆட்டங்களே முடிந்திருந்தபோது டேவிஸ் பெய்னை அனுப்பிவிட்டு அனுபவசாலியான கென் ஹிட்ச்காக்கைக் கொண்டுவந்தார். ஹிட்ச்காக் அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் விருதையே வாங்கினார். 2016-ல் யோவை உதவியாளராக, அடுத்த ஆண்டு பட்டத்துக்கு வரப்போகும் இளவரசராகச் சேர்த்தார்கள். ஹிட்ச்காக் பருவம் முடிந்து கௌரவமாக விடைபெறுவதாக ஏற்பாடு. 2017 பிப்ரவரி 1-ம் தேதியே ஹிட்ச்காக்கை நீக்கிவிட்டார்கள். யோ பொறுப்பேற்று, மீதி 32 ஆட்டங்களில் 22-ல் வென்றார். பயிற்சியாளரை மாற்றினால் அணி விழித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு யோவே ஒரு சாட்சி. அதற்கும் முன்னால், 2009-ல் பருவ நடுவில் மிஷெல் தெரியனை நீக்கிவிட்டுக் கோப்பையை வென்ற பிட்ஸ்பர்க் அணியிலும் அவர் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். நாற்காலியின் இரண்டு பக்கமும் அவருக்குப் பழக்கம்.

யோவின் இடத்தில் தற்காலிகமாக நின்றவர் அவருடைய உதவியாளர் கிரெய்க் பெரூபி. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கலஹூ என்ற சிற்றூர்க்காரர். விளையாடிய காலத்தில் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டியவர், தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்த நேரமோ மூவாயிரம் நிமிடத்துக்கும் மேல். கோல் போடுவதற்காக அல்ல, கைகலப்புக்காக வைத்திருந்த ஆள். பிலடெல்பியாவில் இவர் முதன்முதலாகத் தலைமைப் பயிற்சியாளரானதும் இன்னொருவர் பதவி போனதால்தான். 2013-ல் மூன்றே ஆட்டங்கள் தோற்றதற்குப் பீட்டர் லாவியோலெட்டை அந்த அணி நீக்கியிருந்தது.

இனி நடந்ததைப் பலரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்: பெரூபி வந்தார், ப்ளூஸ் கோப்பையை வென்றது. நடுவில் ஆறு வாரம் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

டிசம்பர் 10-ம் தேதி பயிற்சியின்போது ராபர்ட் போர்ட்டுஸோவும் ஸாக் சான்ஃபோர்டும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். இருவரும் ப்ளூஸ் வீரர்கள். 2019 ஜனவரி 3-ம் தேதி காலையில் லீகின் 31 அணிகளில் ப்ளூஸ் 31-வது இடத்தில் இருந்தது. பெரூபியின் கீழ் ஆடிய 18 ஆட்டங்களில் 8 வெற்றி, 9 தோல்வி, 1 கூடுதல் நேரத் தோல்வி. கூட்டிப் பார்த்தால் பதினேழு புள்ளிகள். யோ 19 ஆட்டத்தில் எடுத்த அதே பதினேழு. ஆள் மாறினார், அட்டவணை மாறவில்லை. இன்னும் சொல்லப்போனால் யோ போன அன்று இருந்ததைவிட ஒரு படி கீழேதான் நின்றது அணி. யோவின் இடத்தில் பெரூபி தொடக்கத்திலிருந்தே இருந்திருந்தால் அந்த ஜனவரியில் அவர் கதியும் அதோகதிதான் என்று தோன்றுகிறது. தற்காலிகம் என்ற அடைமொழிதான் அவரைக் காப்பாற்றியது. ஒரே பருவத்தில் இரண்டு பேரை நீக்கினால் கேள்வி யாரிடம் போகும் என்பது ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாதா?

ஜனவரி 7-ம் தேதி பிலடெல்பியாவில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயது கோல்கீப்பருக்கு முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2011-ல் ப்ளூஸால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஏழு ஆண்டுகளாகக் கீழ்நிலை லீகுகளில் சுற்றியவர். அதற்கு முந்தைய பருவத்தில் தனக்கென்று தனியாக ஒரு கிளை அணி இல்லாததால் இவரை பாஸ்டன் அணியின் கிளைக்கு இரவல் கொடுத்திருந்தது ப்ளூஸ். அன்று ஒரு கோலும் விடவில்லை. 3-0.

கோல்கீப்பர் விஷயத்தில் ஐஸ் ஹாக்கி கொடூரமான ஆட்டம். நூறு ஷாட்டில் 90, 91 தடுப்பவர் சராசரி. 93 தடுப்பவர் கதாநாயகன். இரண்டே இரண்டு ஷாட் வித்தியாசம், ஆனால் நூறு ஷாட்டுக்கு இரண்டு கோல் குறைந்தால் தோல்விகள் வெற்றியாகிவிடும். பின்னிங்டன் அந்தப் பருவத்தில் ஆயிரத்துக்கு 927 தடுத்தார். 24 வெற்றி, 5 தோல்வி, 1 கூடுதல் நேரத் தோல்வி. ஜனவரி 3-க்குப் பிறகு ப்ளூஸ் மொத்தம் 30 வெற்றி, 10 தோல்வி, 5 கூடுதல் நேரத் தோல்வி. பின்னிங்டன் கணக்கைக் கழித்தால் மிச்சம் 6 வெற்றி, 5 தோல்வி, 4 கூடுதல் நேரத் தோல்வி. அதாவது 15 ஆட்டத்தில் 16 புள்ளி. யோ காலத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

பெரூபிக்கு ஒன்றுமே பங்கில்லை என்று சொன்னால் அநியாயம். சுற்றி வளைக்காமல் பக்கை எதிரணி எல்லைக்குள் தள்ளி, உடம்பைப் போட்டு மோதி மீட்கும் ஆட்டத்தை அவர் அணிக்குள் கொண்டுவந்தார். அந்தப் பருவத்தில் ப்ளூஸ் கோல்கீப்பர்கள் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30-க்கும் குறைவான ஷாட்களையே சந்தித்தார்கள். பின்னிங்டனைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியதும் அவர்தான்.

பிறகு நடந்தது ஊருக்கே திருவிழா. பிலடெல்பியா மதுக்கூடம் ஒன்றில் கேட்ட ‘குளோரியா’ என்ற 1982-ம் ஆண்டுப் பாட்டை வீரர்கள் தங்கள் வெற்றிப் பாட்டாக்கிக்கொள்ள, செயின்ட் லூயிஸ் முழுக்க லாரா பிரானிகன் குரல். தொடர்ந்து 11 வெற்றி. 99 புள்ளிகளோடு பிளேஆஃப். வின்னிபெக், டாலஸ், சான் ஹோசே வீழ்ந்தன. ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த ஏழாவது இறுதி ஆட்டத்தில், ஒரு காலத்தில் தன்னை இரவலாக வைத்திருந்த கிளப்பின் 33 ஷாட்களில் 32-ஐத் தடுத்தார் பின்னிங்டன். 4-1. கிளப்பின் முதல் ஸ்டான்லி கோப்பை. பெரூபியின் தற்காலிகமும் அந்த மாதமே நீங்கியது.

அன்று முதல், எந்த அணி நவம்பரில் தடுமாறினாலும் உள்ளூர் வானொலியில் ‘ப்ளூஸைப் பாருங்கள்’ என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. ப்ளூஸைப் பார்ப்பவர்கள் அதே பருவத்தில் பயிற்சியாளரை மாற்றிய மற்ற அணிகளைப் பார்ப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சொல்லியாயிற்று. மூன்று கோப்பைகள் வாங்கித் தந்த ஜோயல் குவென்வில்லை சிகாகோ நீக்கியது. யோ போன மறுநாள் எட்மன்டன் டாட் மெக்லெல்லனை நீக்கிவிட்டு, யாரை அழைத்துவந்தது தெரியுமா? நம் பழைய ஹிட்ச்காக்கை. டிசம்பரில் பிலடெல்பியா, பிப்ரவரியில் அனஹைம், மார்ச்சில் ஒட்டாவா. ப்ளூஸைத் தவிர்த்து ஆறு அணிகள். ஆறில் ஒன்றுகூட பிளேஆஃப் பக்கம் வரவில்லை.

பருவ நடுவில் வந்து கோப்பையை வென்றவர்கள் வேறும் உண்டு. 2000-ல் நியூ ஜெர்சி, எட்டே ஆட்டங்கள் மீதியிருக்கையில் ராபி ஃப்டோரெக்கை நீக்கி லாரி ராபின்சனிடம் பொறுப்பைக் கொடுத்தது, கோப்பை வந்தது. 2012-ல் லாஸ் ஏஞ்சலிஸ், 2016-ல் பிட்ஸ்பர்க். இவர்களில் யாருக்கும் நேராதது 1971-ல் மாண்ட்ரியாலின் ஆல் மக்நீலுக்கு நேர்ந்தது. நடுவில் வந்தார், கோப்பையும் வென்றார், அந்தக் கோடையிலேயே கிளை அணிக்கு அனுப்பப்பட்டார். இறுதிப் போட்டிகளின் நடுவில் நட்சத்திர வீரர் ஆன்ரி ரிஷார் அவரைப் பகிரங்கமாகத் தாக்கிப் பேசியிருந்தார், கோப்பையாலும் அந்தக் காயம் ஆறவில்லை. மக்நீல் இடத்துக்கு வந்தவர் ஸ்காட்டி போமன். அதற்கு முன் அவர் இருந்த அணி? செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்.

கோப்பை பெரூபிக்கு நாலரை ஆண்டு வாங்கித் தந்தது. 2023 டிசம்பர் 12 அன்று டெட்ராய்ட்டிடம் தொடர்ச்சியான நான்காவது தோல்வி. அன்றிரவே அறிவிப்பு, யோவுக்கு வந்தது போலவே. அப்போது ப்ளூஸ் 13 வெற்றி, 14 தோல்வி, 1 கூடுதல் நேரத் தோல்வி. கிளை அணியிலிருந்து ட்ரூ பானிஸ்டர் தற்காலிகமாக வந்தார், அடுத்த மே மாதம் நிரந்தரமானார், நவம்பர் 24-ல் நீக்கப்பட்டார். ஜிம் மான்ட்கோமரியை பாஸ்டன் நீக்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிடித்துப் போட்டது ப்ளூஸ். 2022-23-ல் பாஸ்டனை 65 வெற்றி, 135 புள்ளி என்ற லீக் சாதனைக்குக் கொண்டுபோனவர் மான்ட்கோமரி. அதற்கு முன்னால் பெரூபியின் உதவியாளராக இதே செயின்ட் லூயிஸில் வேலை பார்த்தவர். பெரூபிக்கோ டொரன்டோ அணி காத்திருந்தது. அங்கே ஷெல்டன் கீஃபை அனுப்பிவிட்டு இவரைக் கூப்பிட்டார்கள், கீஃப் நியூ ஜெர்சிக்குப் போனார். யோவும் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் பிலடெல்பியா அணி அலென் வின்யோவை நீக்கியபோது, தற்காலிகமாகப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றவர் அவர்தான்.

பெய்ன், ஹிட்ச்காக், யோ, பெரூபி, பானிஸ்டர். ஆர்ம்ஸ்ட்ராங் பருவத்தின் நடுவில் அனுப்பியவர்கள் ஐந்து பேர். அவர் தன் மேலாளர் நாற்காலியை யாரிடம் தருவார் என்பதை ப்ளூஸ் 2024-லேயே அறிவித்துவிட்டது. கோப்பை வென்ற அணியில் ஆடிய அலெக்ஸாண்டர் ஸ்டீன் அதுவரை பக்கத்தில் இருந்து வேலை பழகுவார், 2026-ல் பொறுப்பேற்பார் என்பது ஏற்பாடு. ஆர்ம்ஸ்ட்ராங் அதன் பிறகும் ஹாக்கி பிரிவின் தலைவராக நீடிப்பார் என்றும் அப்போது சொன்னார்கள்.

(தொடரும்)